எண்ணாமல் வாங்கிய மீதி

9

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

"சுண்டுவை என்கிட்ட விட்டுடுடா. நல்ல ஸ்கூல், தனி ரூம், எல்லாம் நான் பார்த்துக்கறேன். அந்த வீட்டுல யாரு இருக்கா? முதுகு நிமிர முடியாத ஒரு மனுஷன். விடிஞ்சா வேலைக்குப் போற ஒரு பொண்ணு. குழந்தை எப்படி வளரும்?"

ஒரு வாரம் டைம் கேட்டிருந்தேன். இன்று வியாழன்.

சுண்டு என் மகள். இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள். அவள் அம்மா போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை. அதிலிருந்து, மதியம் பள்ளி விட்டதும் சுண்டு என் மாமனார் வீட்டில் இருக்கிறாள். சாயந்திரம் நான் போய்க் கூட்டி வருகிறேன்.

மாமனார் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்தவர். சாரம் சரிந்து விழுந்த பிறகு வீட்டோடு சரி. என்னிடம் பணம் வாங்க மாட்டார். சுண்டுவின் பாலுக்கு மட்டும் வாங்கிக்கொள்வார். அந்த வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் என் மச்சினியுடையது. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வாலு என்று கூப்பிடும்படி அவள் ஏதாவது செய்து நாளாயிற்று.

அக்கா கேட்டதை நான் அவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் அடிக்கிறேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எது வரை சரி, எதற்கு மேல் தப்பு என்று அச்சாகியிருக்கும். அதனால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

மதியம் யாருடைய சர்க்கரையையோ அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வாலு.

"அத்தான், பேசலாமா?"

கிசுகிசுப்பாகப் பேசினாள். பின்னால் அட்டைப் பெட்டிகளைத் தள்ளும் சத்தம்.

"சொல்லு."

"டிராயர்ல ஐநூறு ஷார்ட். திரும்பத் திரும்ப எண்ணிட்டேன்."

"அவ்வளவுதானே? நான் கொண்டு வந்து தர்றேன், கட்டிடு."

"கட்டக் கூடாது அத்தான். சொந்தக் காசைப் போட்டா, எடுத்துட்டு பயந்து திருப்பி வச்சதாத்தான் அர்த்தம். அன்னிக்கே வெளியில."

"சரி, சம்பளத்துல பிடிச்சுக்கட்டும்."

"பிடிப்பாங்க. அது பரவாயில்ல. ஆனா இந்த மாசம் இது மூணாவது ஷார்ட்."

"மூணாவதா?"

"முதல்ல பத்து. அப்புறம் ஒரு முப்பது. அவங்க தொகையைப் பார்க்க மாட்டாங்க. தடவையைத்தான் பார்ப்பாங்க. மூணு ஆச்சுன்னா கவுன்ட்டர் கிடையாது. கவுன்ட்டர் இல்லேன்னா வேலை கிடையாது."

அவள் அழவில்லை. அழுவதற்கு முன்னால் ஆள் எப்படிப் பேசுமோ அப்படிப் பேசினாள்.

"யாருக்கு அதிகமாப் போயிருக்கும்னு ஏதாவது தெரியுதா?"

பெட்டிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"வாலு?"

"உங்க அக்காவுக்குத்தான்னு நினைக்கறேன்."

பதினொரு மணிவாக்கில் அக்கா கடைக்குப் போயிருக்கிறாள். சுண்டுவுக்கு ஒரு கரடி பொம்மை எடுத்திருக்கிறாள். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. பர்ஸைக் கவிழ்த்து, உள்ளே இருந்த நாலு ஐந்நூறையும் கொடுத்திருக்கிறாள். வாலு அப்போதுதான் புதுக் கட்டு ஒன்றைப் பிரித்திருந்தாள். மீதி கொடுத்ததில் ஒரு ஐந்நூறு, ஒட்டியபடி இரண்டாகப் போயிருக்க வேண்டும்.

"எண்ணிக் குடுக்கலையா?"

"அவங்க முன்னாடியா?"

எனக்கு உடனே புரிந்தது. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மருந்துக்கென்று அக்கா ஒரு கற்றை நோட்டு கொடுத்தாள். வாலு பழக்க தோஷத்தில் அங்கேயே நின்று எண்ணினாள். "என்னம்மா, நான் ஏமாத்திடுவேன்னு பார்க்கறியா?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

என் மனைவிக்கும் வாலுவுக்கும் நோட்டு எண்ணும்போது உதடு அசையும். சத்தம் வராது. அன்று வாலுவின் உதடு பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அக்கா முன்னால் அவள் எதையும் எண்ணியதில்லை. அக்கா எவர் முன்னாலும் எண்ணியதில்லை.

"இப்ப என்ன பண்ணணும்?"

"அவங்க ஆறு மணிக்குள்ள ஒரு போன் பண்ணி, மீதி அதிகமா வந்துச்சுன்னு சொன்னாப் போதும். சூப்பர்வைசர் எழுதிக்குவார். அப்புறம் பணத்தை யார் கையிலயாவது குடுத்தனுப்பலாம். ஷார்ட்டுல சேராது. ஆறு மணிக்கு மேல கணக்கு முதலாளிக்குப் போயிடும்."

"சரி."

"அத்தான், இன்னொண்ணு. அவங்க நமக்குச் சொந்தம்னு இங்கே தெரியக் கூடாது. சொந்தக்காரங்களுக்கு நம்ம கவுன்ட்டர்ல பில் போடவே கூடாது. அது ஷார்ட்டை விடப் பெரிய தப்பு. பக்கத்து கவுன்ட்டருக்குப் போகச் சொல்லி கையைக் காட்டினேன். 'ஏன், என்னைப் பார்த்தா பிடிக்கலையா'ன்னு என்கிட்டயே நின்னுட்டாங்க. எப்படித் துரத்தறது? நான் பாட்டுக்கு மேடம், மேடம்னு கூப்பிட்டுச் சமாளிச்சேன்."

"அக்கா என்ன சொன்னா?"

"சிரிச்சாங்க. விளையாடறேன்னு நினைச்சாங்க போல."

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மதியத் தூக்கத்துக்கு அவள் போனை வாயடைத்துவிடுவாள். மேனேஜரிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அந்த ஐந்நூறில் பாதி இதற்கே போய்விடும் என்று தோன்றியது.

*

அக்கா வீட்டு வரவேற்பறையில் சாயந்திர வெயில்கூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரும். திரைகள் அப்படி. அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள்.

"என்னடா இந்த நேரத்துல? சுண்டுவுக்கு என்ன?"

"அவ நல்லா இருக்கா."

"அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

சொன்னேன். அவள் நெஞ்சில் கை வைத்தபடி சோபாவில் உட்கார்ந்தாள்.

"ஐநூறா? ஒரு ஐநூறுக்கா என் உயிரை வாங்கினே? நான் என்னவோ ஏதோன்னு பதறிட்டேன்."

எழுந்து போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கையில் நோட்டுகளோடு வந்தாள்.

"இந்தா. எவ்வளவு இருக்குன்னு தெரியல, வச்சுக்கோ. அந்தப் பொண்ணுகிட்ட குடு. மிச்சத்துல ஒரு நல்ல சுடிதார் எடுத்துக்கச் சொல்லு."

"பணம் வேண்டாம்க்கா. நீ போன் பண்ணிச் சொல்லணும். அதிகமா வந்துச்சுன்னு."

"வந்துச்சா?"

"வந்திருக்கும். பர்ஸைப் பாரேன்."

பர்ஸைக் கொண்டு வந்து டீப்பாயின் மேல் கொட்டினாள். சேஃப்டி பின், மாத்திரை அட்டை, சாவி, கடையின் பில். ஒரு ஐந்நூறு. இரண்டு நூறு. இரண்டு இருபது.

பில்லை எடுத்துப் பார்த்தேன். ஆயிரத்து இருநூற்று அறுபது. கொடுத்தது இரண்டாயிரம். மீதி எழுநூற்று நாற்பது.

டீப்பாயின் மேல் கிடந்ததும் எழுநூற்று நாற்பது.

நான் மறுபடியும் கூட்டினேன். கூட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"கடைக்குப் போறப்ப வேற பணம் ஏதாவது உள்ளே இருந்துச்சா?"

"பர்ஸைக் கவுத்துத்தான் குடுத்தேன். அவளே பார்த்தா. சல்லிக்காசு இல்ல." அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "சரியாத்தானேடா இருக்கு?"

"ஆமா."

"அப்ப வேற யாருக்கோ போயிருக்கு."

"இருக்கலாம்."

"இல்லேன்னா..." நிறுத்தினாள். "நான் ஒண்ணும் சொல்லலை. அந்த வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். கஷ்டத்துல ஒரு நாள் கை தவறிப் போனா, நான் தப்பாவே எடுத்துக்க மாட்டேன்."

"அவ எடுக்கலைக்கா."

"நானும் எடுக்கலையேடா."

பில்லை மடித்து டீப்பாயில் வைத்தேன்.

"எப்படியோ போகட்டும்க்கா. வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். அவ வேலை போகாம இருக்கும்."

அக்காவின் முகம் மாறியது. கோபம் இல்லை. நான் சாக்கடையில் கை விடச் சொன்னதுபோல ஒரு சுளிப்பு.

"வாங்காததை வாங்கினேன்னு சொல்லவா? பணம் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துட்டுப் போ. பொய் மட்டும் கேக்காதே."

அவளைத் தப்பு சொல்ல முடியாது. அக்காவுக்குக் கல்யாணமான பிறகு பொய் சொல்லும் அவசியமே வந்ததில்லை.

நோட்டுகளை அவள் என் சட்டைப் பையில் திணித்தாள். நான் எடுத்து டீப்பாயில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

*

கடைக்குப் போய் வாலுவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. கால்கள் பழக்கப்படி மாமனார் வீட்டுக்குப் போயின.

ஒரே அறை. அதில் ஒரே நாற்காலி. நாற்காலியில் கரடி உட்கார்ந்திருந்தது. சுண்டுவை விடப் பெரிது. மாமனார் பாயில், சுவரில் சாய்ந்து இருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. இன்னிக்குச் சீக்கிரம். நாற்காலியில விருந்தாளி உட்கார்ந்திருக்கார். எழுப்ப மனசு வரல. நீங்க இப்படி உக்காருங்க."

நான் உட்காரவில்லை. சுண்டு பாயின் ஓரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டிருந்தாள். நடை வித்தியாசமாக இருந்தது. குனிந்து பார்த்தேன்.

புது ஷூ. கறுப்பு. பள்ளிக்கூட ஷூ.

பழைய ஷூ முன்பக்கம் வாயைப் பிளந்து ஒரு வாரமாகிறது. நேற்று சாயந்திரம் இதே இடத்தில் வாலு அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சம்பளம் வரட்டும், முதல் வேலை இதுதான்" என்றாள். நான் வாங்குகிறேன் என்றேன். சித்தி முறைக்கு நான்தான் வாங்குவேன் என்று சண்டை போட்டாள்.

சம்பளம் வர இன்னும் நாள் இருக்கிறது.

"ஷூ ஏது மாமா?"

மாமனார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும் மாப்பிள்ளை. குழந்தைக்கு வேணும்ல."

"யார் வாங்கினது?"

"வாங்கினோம்."

"வாலு வந்தாளா மதியம்?"

"அவ எங்கே வர்றா, வேலை நேரத்துல? ஏன், என்ன?"

அவர் கை பாயின் விளிம்பைச் சுருட்டியது, விரித்தது. சாப்பாட்டு நேரத்தில் தெருமுனைக் கடை வரை வந்து போக முடியும். டிராயரிலிருந்து ஒரு நோட்டு. என் மகளின் காலுக்கு. அதை நான் நினைத்தேன். அக்கா வீட்டில் கால் மணி நேரம் இருந்துவிட்டு வந்ததற்கே என்னால் அப்படி நினைக்க முடிந்தது.

"அப்பா, இது அத்தை ஷூ" என்றாள் சுண்டு.

"என்னடா?"

"அத்தை காசு குடுத்தாங்க. கரடி குடுத்தாங்க, அப்புறம் காசு குடுத்தாங்க. தாத்தா ஷூ வாங்கிட்டாங்க."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க அக்கா கடையிலேர்ந்து நேரா இங்கதான் வந்தாங்க மாப்பிள்ளை. குழந்தை ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் இருந்து, போறப்ப அது கையில ஒரு ஐநூறை வச்சுட்டுப் போனாங்க. பத்திரமா எடுத்து வச்சு உங்ககிட்ட குடுக்கணும்னுதான் இருந்தேன். ஷூ இல்லாம வந்தா நாளைக்கு உள்ளே விட மாட்டோம்னு டீச்சர் சொல்லிட்டாங்க. மெதுவா சுவரைப் பிடிச்சுக்கிட்டே கடை வரைக்கும் போயிட்டேன். குழந்தை காசுல கை வச்சுட்டேன். தப்புதான்."

மடித்த தாள் ஒன்றை நீட்டினார். உள்ளே மிச்சப் பணம். அதில் கடை பில்லும் இருந்தது.

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். ஒட்டிப் போன இரண்டு நோட்டில் ஒன்று அக்காவின் பர்ஸில் இருந்தது. இன்னொன்று நடந்துகொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் மாமனார் சுவரில் கை ஊன்றினார். எழ முயன்றார். முடியவில்லை.

"திருப்பிக் குடுத்துடலாம் மாப்பிள்ளை. எடுத்துக்குவான், தெரிஞ்ச கடைதான். இன்னும் தரையில படலை. பாயில மட்டும்தான் நடந்தா."

"ஷூ இருக்கட்டும் மாமா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அக்காவுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை எடுத்தாள்.

"சுண்டு கையில ஐநூறு குடுத்தியா?"

"ஆமா. ஏன்?"

"எந்தப் பணத்துலேர்ந்து?"

"பர்ஸுல இருந்ததுதான். கடையில குடுத்த மீதி..."

அவள் நிறுத்தினாள்.

"அட கடவுளே" என்றாள் அக்கா.

"கேட்டப்ப ஏன்க்கா சொல்லலை?"

"குழந்தை கையில ஒரு நோட்டு வச்சதை எல்லாம் ஒரு குடுக்கறதுன்னு ஞாபகம் வச்சுக்குவாங்களாடா?"

உண்மையாகவே கேட்டாள்.

"சரி. இப்ப அந்தக் கடைக்கு ஒரு போன் பண்ணு. நம்பர் பில்லுலயே இருக்கும்."

"போனெல்லாம் வேண்டாம். நானே வர்றேன்."

"போனே போதும்க்கா."

"இல்லடா. அந்தப் பொண்ணை நான் தப்பா நினைச்சுட்டேன். நேர்ல வந்து குடுத்தாத்தான் எனக்கு மனசு ஆறும். அங்கேயே இரு, வண்டியை எடுத்துட்டு வரச் சொல்றேன்."

அவள் மனசு ஆற வேண்டும் என்பதற்காக நாங்கள் தெருவில் காத்து நின்றோம். மணி ஐந்து தாண்டிவிட்டது. சுண்டு ஷூவைத் தரையில் வைக்க மாட்டேன் என்று என் இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

*

காரில் வழியில் இரண்டு சிக்னலிலும் இதையே சொன்னேன்.

"அவளைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. நீ ஒரு கஸ்டமர். அவ ஒரு கேஷியர். பணத்தைக் குடு, சொல்லு, வெளியே வா."

"சரி."

"சொந்தம்னு தெரிஞ்சா வேலை போயிடும்."

"நான் என்ன சுண்டுவா? ஒரு தடவை சொன்னாப் புரியாது?"

பயம் சுண்டுவைப் பற்றியும் இருந்தது. உள்ளே வந்து "சித்தி" என்று ஒரு கத்து கத்தினால் முடிந்தது. அவளை டிரைவரிடம் விட்டேன். அக்கா முன்னால் போனாள். நான் யாரோ மாதிரி பின்னால் போய், பிஸ்கட் தட்டின் பக்கம் நின்றேன். ஒரு பாக்கெட்டை எடுத்து அதன் முதுகைப் படிக்க ஆரம்பித்தேன்.

மூலையில் ஒரு மேசை. அங்கே கழுத்துப்பட்டை கட்டிய சூப்பர்வைசர். எதிரே நின்றுகொண்டிருந்தாள் வாலு. கடைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. அக்காவைக் கண்டதும் அவள் முகத்தில் ஒன்று வந்தது. உடனே அதை அழித்தாள்.

அக்கா நன்றாகவே செய்தாள்.

"காலையில இங்கே ஒரு பொம்மை வாங்கினேன். மீதியில ஐநூறு அதிகமா வந்திருக்கு. வீட்டுல போய்த்தான் பார்த்தேன். இந்தாங்க. இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. புது நோட்டு, ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

சூப்பர்வைசர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மேடம், இதுக்காகவா இவ்வளவு தூரம்?"

பில்லை வாங்கிப் பார்த்தார். நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தாளில் எழுதினார். வாலுவைப் பார்த்து, கீழே கையெழுத்துப் போடு என்று விரலைக் காட்டினார். அவள் குனிந்து போட்டாள். நிமிர்ந்தபோது அவள் தோள்கள் ஒரு பிடி கீழே இறங்கியிருந்தன.

முடிந்தது. நான் பிஸ்கட்டைத் திருப்பி வைத்தேன். அக்கா கிளம்பத் திரும்பினாள்.

சூப்பர்வைசர் வாசல் வரை வந்து வழியனுப்ப நினைத்தார். அதுதான் வினையாயிற்று.

"உங்கள மாதிரி பெரிய மனசு எல்லாருக்கும் வராது மேடம். நாங்க வேற மாதிரிதான் நினைச்சோம். இதுங்களை எல்லாம் நம்ப முடியறதில்ல. வீட்டுல கஷ்டம், கையில நாள் பூரா நோட்டு. ஐநூறுன்னா இதுங்களுக்கு ஒரு வாரச் சாப்பாடு. கை தவறத்தான் செய்யும்."

மதியம் அக்கா சொன்னதைத்தான் அவரும் சொன்னார். கொஞ்சம் மரியாதை குறைவாக.

அக்கா நின்றாள். அவள் கழுத்து சிவந்தது. நான் பிஸ்கட் தட்டை விட்டு நகர்ந்தேன். தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"யாரைப் பார்த்து இதுங்கன்னு சொல்றீங்க?"

"மேடம், நான் பொதுவா..."

"என்ன பொதுவா? இவ எங்க வீட்டுப் பொண்ணு. என் தம்பி பொண்டாட்டியோட கூடப் பிறந்த தங்கச்சி. சோத்துக்கு இல்லேன்னாலும் அடுத்தவங்க காசைத் தொட மாட்டா. தெரியுதா?"

பக்கத்து கவுன்ட்டரில் பில் போடும் சத்தம் நின்றது.

வாலு கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் கல்யாணத்திலிருந்து அக்கா அவளை அந்தப் பொண்ணு என்றுதான் சொல்லியிருக்கிறாள். எங்க வீட்டுப் பொண்ணு என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

சூப்பர்வைசர் மெதுவாகக் கேட்டார்.

"சொந்தமா மேடம்?"

"ஆமா. சொந்தம்தான்."

அவர் மேசைக்குத் திரும்பினார். அதே தாளை எடுத்தார். கீழே இன்னொரு வரி எழுதினார். அக்காவிடம் அவர் குரல் மாறவே இல்லை. "மன்னிச்சுக்கங்க மேடம், வாய் தவறிடுச்சு" என்றார். பிறகு வாலுவிடம் சொன்னார்.

"நாளைக்கு கவுன்ட்டருக்கு வர வேண்டாம்மா. நேரா முதலாளி ரூமுக்கு வந்துடு."

*

வெளியே வந்ததும் அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"எப்படிக் குடுத்தேன் பார்த்தியா? இதுங்களாமே, இதுங்க."

என் முகத்தைப் பார்த்தாள். வாலுவைப் பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போனது.

"ஐயோ. சொல்லிட்டேனா?"

"பரவாயில்ல அண்ணி" என்றாள் வாலு. காலையிலிருந்து மேடமாக இருந்தவள் இப்போது அண்ணியானாள்.

"அந்த ஆள் அப்படிப் பேசினா நான் எப்படிடி சும்மா இருப்பேன்?"

"நீங்க சொன்னது எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு அண்ணி."

உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா நடைபாதையில் நாலு அடி போனாள், வந்தாள். அவள் எதற்கும் அதிக நேரம் வருத்தப்பட மாட்டாள். சரி செய்துவிடுவாள். கைப்பையைத் திறந்தாள். மதியம் என் பையில் திணித்த அதே நோட்டுகள்.

"இங்க பாரு. போனா போகட்டும் இந்த வேலை. நாள் பூரா நின்னு நின்னு கால் என்னத்துக்கு ஆகும்? இவன் என்ன சம்பளம் தர்றான்? எவ்வளவா இருந்தாலும் அதுக்கு மேல ஐநூறு போட்டு நான் தர்றேன். எப்படியும் சுண்டு என்கிட்டத்தான் வந்து இருக்கப் போறா. நீயும் வந்துடு. அவளைக் கூட இருந்து பார்த்துக்கோ. இந்தா, இது அட்வான்ஸ்."

வாலுவின் கையைப் பிடித்து அதில் நோட்டுகளை வைத்தாள்.

கார் கண்ணாடிக்குள்ளிருந்து சுண்டு ஒரு காலைத் தூக்கி ஷூவைக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை.

வாலு கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு நோட்டுகளை நேராக அடுக்கினாள். கட்டை விரலால் ஒன்றைத் தள்ளினாள். அடுத்ததைத் தள்ளினாள். அக்காவின் முகத்துக்கு எதிரில், அவசரமே இல்லாமல், உதடுகள் அசைய அசைய எண்ணினாள். இரண்டு நோட்டு ஒட்டியிருந்த இடத்தில் விரலை ஈரப்படுத்திப் பிரித்தாள். அந்த உதட்டசைவை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்துப் பல மாதங்கள் ஆகின்றன. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அக்கா அவள் எண்ணி முடிக்கும் வரை பேசாமல் நின்றாள்.

"மூவாயிரத்து ஐநூறு இருக்கு அண்ணி. நீங்களும் ஒரு தடவை எண்ணிக்கங்க" என்று திருப்பி அக்காவின் கையில் வைத்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சுண்டு அங்கே போறாளா அத்தான்?"

ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.